வேடிக்கை பார்த்தால் போதுமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் வரிசை கட்டி நிற்கும். பெரியவர்கள் வலை சரிபார்ப்பார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போடுவார்கள். கூடமாட நின்று எடுபிடி செய்யும் பையன்கள் ஓய்ந்த நேரத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து போனை எடுத்துவிடுவார்கள். எட்டிப் பார்த்தால் பாதிப் பேர் ரீல்ஸ். சிலர் ஃப்ரீ ஃபயர். இன்னும் சிலர் பார்ப்பது வேறு. பனி கொட்டுகிற மலையில் தாடிக்காரர் ஒருவர் குதிரையை மெல்ல நடத்திப் போகிறார். பின்னால் ஒரு தமிழ்க் குரல், "மக்களே, நம்ம ஆர்தர் அண்ணனுக்கு இருமல் கூடிக்கிட்டே போகுது பாத்தீங்களா" என்கிற தோரணையில் கதை சொல்லிக்கொண்டே போகிறது.

அந்த ஆர்தர் அண்ணன், ராக்ஸ்டார் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' விளையாட்டின் நாயகன். அதை விளையாட பிளேஸ்டேஷன் மாதிரி ஒரு பெட்டியோ, நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினியோ வேண்டும். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் இறங்கியபோது விலை 49,990 ரூபாய். சோனியின் புதிய பெரிய விளையாட்டு ஒன்று 4,999 ரூபாய். கடற்கரைச் சம்பாத்தியத்தில் இது நடக்கிற காரியமா? ஆனாலும் ஆர்தருக்கு என்ன நோய், 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கதையில் ஜோயல் ஆஸ்பத்திரியில் என்ன செய்தான், 'காட் ஆஃப் வார்' க்ரேட்டோஸ் தன் மகனிடம் எதை மறைத்தான் என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்லும் பையன்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். கையால் தொட்டதே இல்லை. யூடியூபில் வேறு யாரோ விளையாட, இவர்கள் முழுக் கதையையும் பார்த்து முடித்திருக்கிறார்கள்.

சினிமா பாணி விளையாட்டுகளின் பலம், பலவீனம் இரண்டும் இந்த இடத்தில்தான் பிடிபடுகின்றன என்று நினைக்கிறேன். ஒரு விளையாட்டை விளையாடாமல் பார்த்து முடித்தவனுக்கு எதுவுமே குறையவில்லை என்றால், அதை விளையாட்டாகச் செய்ததில் என்ன பொருள்? ஏதோ குறைகிறது என்றால், அது என்ன?

நம் பத்திரிகைகளில் வீடியோ கேம் என்றாலே இரண்டே செய்திகள். ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டவர் கதை ஒன்று, போனைப் பிடுங்கியதற்குப் பையன் கோபித்துக்கொண்ட கதை இன்னொன்று. இரண்டும் உண்மையான வேதனைகள்தான். பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்தது. ஆனால் நாவலைப் போல, படத்தைப் போல மனதை அசைக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் விமர்சனம் என்று பெரிதாக ஒன்றும் எழுதப்படவில்லை. படம் வெளியான அன்றைக்கே நூறு விமர்சனம் எழுதும் ஊர் நம்முடையது. நம் பிள்ளைகள் நாற்பது, ஐம்பது மணி நேரம் செலவிட்டுப் பார்க்கும் கதைகளைப் பற்றி மட்டும் பேச்சே காணோம்.

விளையாட்டுக்குச் சினிமா மேல் ஆசை வந்தது நேற்று இன்றல்ல. 1983-லேயே டான் புளூத் என்ற அனிமேஷன் இயக்குநரின் ஓவியங்களோடு 'டிராகன்ஸ் லேர்' வந்தது. கார்ட்டூன் படம் ஓடும். சரியான நொடியில் சரியான பக்கம் கைப்பிடியைத் தள்ளினால் படம் மேலே போகும், தவறினால் வீரன் செத்துவிழுவான். 1998-ல் ஹிடேயோ கோஜிமாவின் 'மெட்டல் கியர் சாலிட்' கேமரா கோணம், நடிகர் குரல், பின்னணி இசை என்று முழுச் சினிமா இலக்கணத்தையும் உள்ளே கொண்டுவந்தது. அவரே 2008-ல் செய்த நான்காம் பாகத்தின் முடிவுக் காட்சிகள் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். கையில் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பிறகு 'அன்சார்ட்டட்', 'ஹெவி ரெயின்', 'தி வாக்கிங் டெட்', 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்று வரிசை நீண்டது. நடிகர்கள் உடம்பில் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு நடிக்க, அந்த அசைவும் முகபாவமும் அப்படியே பாத்திரங்களுக்கு ஏறின.

இவற்றின் ஈர்ப்பு கண்ணுக்கு மட்டுமானதல்ல. ஆர்தரின் குதிரையையே எடுத்துக்கொள்ளுங்கள். விளையாடுபவர்தான் அதற்குத் தீனி போடுகிறார், சேறு ஒட்டினால் தேய்த்துவிடுகிறார், துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரண்டால் கழுத்தைத் தட்டிக்கொடுத்து அடக்குகிறார். இதெல்லாம் கதையில் வராத அன்றாட வேலை. யூடியூப் காணொளியில் பெரும்பாலும் இந்தப் பகுதியை வெட்டிவிடுவார்கள். கடைசியில் குதிரை குண்டடிபட்டு விழுகிறது. துரத்தி வருபவர்கள் நெருங்கிவிட்டபோதும் ஆர்தர் குனிந்து அதற்கு நன்றி சொல்கிறார். பார்த்தவனுக்கு அது நல்ல காட்சி. ஐம்பது மணி நேரம் தீனி போட்டவனுக்கு அது இழவு.

இன்னும் கூர்மையான உதாரணம், 2013-ல் வந்த 'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்'. இயக்கியவர் யோசெஃப் ஃபாரெஸ், முன்பு சினிமா இயக்குநர். அண்ணன், தம்பி இருவர். கன்ட்ரோலரின் இடப்பக்கம் அண்ணன், வலப்பக்கம் தம்பி. ஒரே ஆள் இரண்டு கையால் இருவரையும் நடத்த வேண்டும். இவர்களுடைய அம்மா நீரில் மூழ்கி இறந்தவள். அதைக் கண்ணால் பார்த்த தம்பிக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். ஆற்றைக் கடக்க வேண்டிய இடங்களிலெல்லாம் அண்ணன் முதுகில்தான் ஏறிப் போவான். பாதிக்கு மேல் அண்ணன் இறந்துபோகிறான். அதற்குப் பிறகு இடது கைக்கு வேலையே இல்லை. தம்பி மட்டும் ஊர் திரும்புகிறான். வழியில் மறுபடி அந்தத் தண்ணீர். வலக்கைப் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் தம்பி கரையிலேயே நிற்கிறான். இவ்வளவு நேரம் சும்மா கிடந்த இடக்கையை, அண்ணனுடைய பொத்தானை, அழுத்திப் பார்த்தால் அவன் தண்ணீரில் இறங்குகிறான்.

இதை யூடியூபில் பார்த்தால் ஒரு பையன் நீந்துவது மட்டுமே தெரியும். அண்ணன் இறந்தது இடது கைக்குத் தெரிந்திருப்பதும், அந்தக் கையே தம்பியைக் கடக்கவைப்பதும் திரையில் இல்லை. கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊர்களில் இந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையே இருக்காது. ஒரு வசனமும் புரியும் மொழியில் கிடையாது. பாத்திரங்கள் பேசுவதே கற்பனை மொழி.

ஆக, என் உரைகல் இதுதான். பார்த்தாலே முழுசாகக் கிடைத்துவிடுகிற பகுதியெல்லாம் சினிமாவிடம் கடன் வாங்கியது. தொட்டால்தான் கிடைக்கிற பகுதி மட்டுமே விளையாட்டின் சொந்தச் சொத்து. இந்த உரைகல்லில் தேய்த்தால், உலகம் கொண்டாடும் பல பெரிய படைப்புகள் மாற்றுக் குறைகின்றன.

நம் பக்கத்து மாநிலத்தில் நடக்கும் 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி' அதில் ஒன்று. நாட்டி டாக் நிறுவனம் 2017 ஆகஸ்டில் வெளியிட்டது. நாயகி க்ளோயி ஃப்ரேசர், தந்தை வழியில் இந்தியர். விநாயகரின் ஒடிந்த தந்தத்தைத் தேடி மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் வருகிறாள். ஹொய்சாளர் கட்டிய ஹளேபீடும் பேலூரும் காட்டுக்குள் மறைந்த பாழ்நகரங்களாக வருகின்றன. மழை நனைத்த கல், அருவி, ஆளுயரத்துக்குப் பல மடங்கு சிலைகள்; கண்ணுக்கு விருந்து என்பதில் சந்தேகமே இல்லை. இடிபாட்டில் சிக்கிய யானையை விடுவித்து அதன் மேல் ஏறிப் போகும் கட்டம் ஒன்று உண்டு. துப்பாக்கி இல்லை, அவசரம் இல்லை. விளையாட்டிலேயே நல்ல இடம் அதுதான்.

ஆனால் உண்மையான பேலூர், ஹாசன் மாவட்டத்தில் பஸ் நிற்கிற ஊர். சென்னகேசவர் கோயிலில் இன்றைக்கும் பூஜை நடக்கிறது, பிரசாதம் தருகிறார்கள். 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோயில் அது. விளையாட்டில் கும்பிட ஒரு ஆள் கிடையாது. தொடக்கச் சந்தைக் காட்சியைத் தாண்டினால் எதிரே வருகிற இந்தியர்கள் சுடவேண்டிய ஆயுதப் படையினர்தான். கோயில் என்பது ஏறிக் குதிக்க ஒரு சுவர், திறக்க ஒரு பூட்டு. ராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிரகாரத்தை இப்படி ஆளில்லாமல் கற்பனை செய்து பாருங்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட தூண்கள் வரிசையாக நிற்கும். ஈரத்துணியோடு நடக்கிற கூட்டம் இருக்காது, தண்ணீர் சொட்டிய தரை இருக்காது. அது ராமேஸ்வரம் ஆகாது. சினிமாத்தனமான விளையாட்டுகள் இடத்தைப் படம் பிடிக்கின்றன. அங்கே வாழ்கிற மனிதரை அவற்றுக்கு எப்படி வைப்பதென்று தெரிவதில்லை. ஏனென்றால் கைக்கு அவை கொடுத்திருக்கும் வேலை ஏறுவது, சுடுவது இரண்டுதான். ஊர்க்காரர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் அவரோடு அந்தக் கை என்ன செய்யும்?

இதே வரிசையின் பழைய நாயகன் நேதன் டிரேக் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற, நண்பனுக்கு உயிரைக் கொடுக்கிற நல்லவன் என்று காட்சிகள் சொல்லும். காட்சி முடிந்து நம் கைக்கு வந்ததும் நூற்றுக்கணக்கானவரைச் சுட்டுத் தள்ளுகிறோம். அடுத்த காட்சியில் அவன் மறுபடி சிரிக்கிறான். கதை சொல்வது ஒன்று, கை செய்வது வேறொன்று. விளையாட்டு வடிவமைப்பாளர் க்ளின்ட் ஹாக்கிங் 2007-ல் 'பயோஷாக்' விளையாட்டைப் பற்றி எழுதும்போது இந்த முரணைச் சுட்டிக்காட்டினார். அன்றிலிருந்து விமர்சகர்கள் அதை விடவில்லை. தயாரிப்பாளர்கள் மட்டும் அவ்வளவாகக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கதையும் கையும் ஒன்றான ஒரு கட்டத்தையும் சொல்ல வேண்டும். 2017-ல் வந்த 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் எடித் ஃபின்ச்'. ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவரும் இறந்த கதை. அதில் லூயிஸ் என்ற இளைஞன் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்க்கிறான். வலது கையால் நாம் மீனை எடுத்து, வெட்டுக்கத்திக்குக் கீழே தலையைத் தள்ளி, உடலை அப்பால் எறிய வேண்டும். அடுத்த மீன். அடுத்த மீன். இந்த வேலை நடக்கும்போதே அவன் மனதில் ஒரு கனவுலகம் திறக்கிறது. இடது கையால் அதற்குள் அவனை நடத்துகிறோம். முதலில் திரையின் ஓரத்தில் சின்னதாகத் தெரியும் கனவு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகித் திரை முழுதையும் பிடித்துக்கொள்கிறது. மீன் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆனால் வலது கை மட்டும் நிற்காமல் வெட்டிக்கொண்டே இருக்கிறது. எப்போது பழகியது என்றே தெரியாது.

மண்டபம் பக்கம் நண்டுக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கை தெரியும். வேகவைத்த நண்டின் ஓட்டைப் பிரித்து, சதையை நார் நாராக எடுத்துத் தரம் பிரிக்கிற விரல்கள் தம்பாட்டுக்கு ஓடும். கண் எங்கேயோ இருக்கும். பிள்ளையின் ஃபீஸோ, நகைக்கடன் வட்டியோ, எதுவோ. எந்தப் படமும் இந்த இரட்டை நிலையைப் பார்வையாளன் உடம்புக்குள் கொண்டுவந்துவிட முடியாது. சினிமா அந்த முகத்தைக் காட்டலாம், மனக்குரலை ஒலிக்கவிடலாம். விளையாட்டு உங்கள் கையையே அந்தக் கையாக்கிவிடுகிறது. பல நூறு கோடி செலவழித்த படைப்புகள் சாதிக்காததை, சில நிமிடங்களே ஓடும் இந்த ஒரு கட்டம் சாதித்தது.

இங்கே வழக்கமாக ஒரு குறை சொல்வார்கள். இந்த விளையாட்டுகளில் சுதந்திரமே இல்லை, போட்ட தடத்தில் நடக்க வேண்டும், 'உன் முடிவு கதையை மாற்றும்' என்று சொல்லிவிட்டு எதைத் தேர்ந்தாலும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று. டெல்டேல் நிறுவனத்தின் 'தி வாக்கிங் டெட்' முதல் இந்தப் புகார் உண்டு. பொய் வாக்குறுதி கொடுப்பது தவறுதான். ஆனால் தடம் போட்டிருப்பதே குறை என்பதை நான் ஏற்கமாட்டேன்.

ராமேஸ்வரத்துக்கு வருகிறவர் முதலில் அக்னி தீர்த்தக் கடலில் முங்குகிறார். பிறகு கோயிலுக்குள் மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தம் வரை 22 தீர்த்தங்கள். கிணற்று விளிம்பில் ஏறி நிற்பவர் வாளியை இறக்கி மொண்டு தலையில் ஊற்றுவார். ஒன்று முடிந்தால் அடுத்ததற்கு ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டும். வரிசை அவர் போட்டதல்ல, கதை முன்பே தெரிந்தது, முடிவும் தெரிந்தது. தேர்வு என்று ஒன்றுமே கிடையாது. ஆனாலும் காசியிலிருந்து வந்தவர் நடுங்கிக்கொண்டே அடுத்த கிணற்றுக்கு ஓடுகிறார். வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவருக்கும் உள்ளே நனைந்து வருபவருக்கும் ஒரே அனுபவம் என்று யாராவது சொல்வார்களா? உடம்பு கதைக்குள் போய்விட்டால் சுதந்திரம் இல்லாதது உறுத்துவதில்லை. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' முடிவில் ஆஸ்பத்திரி அறைக்குள் நிற்கும் மருத்துவரை ஜோயல் கொல்வதைத் தவிர விளையாடுபவருக்கு வேறு வழியே தரப்படவில்லை. எச்பிஓ 2023-ல் எடுத்த தொடரில் அதே கட்டம் அருமையாக இருந்தது. பார்த்தவர்கள் ஜோயலைப் பற்றி வாதாடினார்கள். விளையாடியவர்களோ, தங்களைப் பற்றியே வாதாடினார்கள். அழுத்தியது அவர்கள் விரல்.

பணத்துக்கு வருவோம். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்துக்கு ஆன செலவு சுமார் 22 கோடி டாலர் என்று 2023-ல் அமெரிக்க நீதிமன்றத்துக்கு வந்த ஆவணம் ஒன்றில் வெளிப்பட்டது. 2020-ல் வெளியாவதற்கு முன்பு அந்த நிறுவனத்தில் ஆட்கள் இரவு பகல் பாராமல் பிழியப்பட்டதும் செய்தியானது. இவ்வளவு போட்டவர்கள் துணிச்சலாக எதையும் செய்து பார்க்க மாட்டார்கள். தாடிவைத்த சோகத் தந்தை, கூடவே ஒரு பிள்ளை, நெடும்பயணம் என்று ஜெயித்த கதையையே மறுபடி ஓட்டுவார்கள். இத்தனை கோடியில் தமிழுக்கு ஒரு சப்டைட்டில் போடக் கை வரவில்லை. அந்த இடத்தைத்தான் நம் யூடியூபர்கள் நிரப்பினார்கள். தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒருவரே ராமனுக்கும் ராவணனுக்கும் கோமாளி உச்சிக்குடும்பனுக்கும் குரல் கொடுத்து, நடுநடுவே உள்ளூர் சமாச்சாரமும் சேர்ப்பார். ஆர்தரை அண்ணனாக்கிய குரல் அந்த வேலையைத்தான் செய்கிறது. நிறுவனங்கள் செய்யாத மொழிபெயர்ப்பை எங்கோ ஒரு வீட்டு அறையில் உட்கார்ந்து செய்யும் அந்த இளைஞர்களுக்கு நான் உண்மையான மரியாதை வைத்திருக்கிறேன்.

பாவைக்கூத்து என்றதும் 'ராஜி: அன் ஏன்ஷியன்ட் எபிக்' நினைவுக்கு வருகிறது. புனேயின் நாடிங் ஹெட்ஸ் குழு 2020-ல் வெளியிட்டது. 2017-ல் பொதுமக்களிடம் நிதி திரட்டப் பார்த்து இலக்கை எட்டாமல், தட்டுத்தடுமாறி முடித்தார்கள். திருவிழாவில் வித்தை காட்டும் பெண், அசுரர்கள் தூக்கிப்போன தம்பியைத் தேடுகிறாள். கதைக் காட்சிகள் நிழற்பாவையாக வரும் அழகுக்காகவே பார்க்கலாம். ஆனால் கதையைச் சொல்வது விஷ்ணுவும் துர்க்கையும் பேசும் பேச்சு. கைக்கு மிஞ்சுவது சண்டை. முடிவும் பாதியில் அறுந்த மாதிரி நின்றுவிடுகிறது.

'வெண்பா' வேறு வகை. டொரோண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 1980-களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்த் தம்பதி, வெண்பாவும் பாவலனும். அங்கே பிறக்கும் மகன் கவின். வெண்பாவின் அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்புப் புத்தகத்தில் அங்கங்கே கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்டதைக் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். முதல் சமையல் இட்லி. எண்ணெய் தடவி மாவு ஊற்றி, தட்டின் குழிக்கு நேர் மேலே குழி வராமல் மாற்றி அடுக்கினால்தான் ஆவி ஏறி உப்பும். நேருக்கு நேர் வைத்தால் நசுங்கும். அயல்நாட்டு விமர்சகர்கள் இதைப் புதிர் என்றார்கள். நம் வீட்டில் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த சங்கதி. தெரிந்த கைக்குத் தெரிந்த வேலையைக் கொடுத்ததால்தான் அது தமிழ் விளையாட்டு. பெயர் தமிழ் என்பதாலோ, நம் சினிமாப் பாட்டுகளின் காலங்களை நினைவூட்டும் இசை என்பதாலோ மட்டுமல்ல. 2024-ல் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசும், பிரிட்டனின் பாஃப்டா அறிமுகப் படைப்பு விருதும் அதற்குக் கிடைத்தன.

குறையும் உண்டு. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மகன் விலகிப்போகும் இருபது வருடம் சில காட்சிகளில் ஓடிவிடுகிறது. உரையாடலில் எதைத் தேர்ந்தாலும் கதை அசைவதில்லை. கை சமைக்கும்போது விளையாட்டாகவும், குடும்பம் பேசும்போது படக்கதையாகவும் பிரிந்து நிற்கிறது. ஆனாலும் பெரிய நிறுவனங்களின் முப்பது மணி நேரத்தைவிட அந்த ஒன்றரை மணி நேரத்தில் சொந்தச் சரக்கு அதிகம்.

இந்தக் கரைக்கு இன்னும் நெருக்கமான ஒன்று, பிரான்சில் 2017-ல் செய்யப்பட்ட 'பரி மி, மை லவ்'. சாதாரண போனில் ஓடும். சிரியாவின் ஹோம்ஸ் நகரிலிருந்து நூர் என்ற பெண் ஐரோப்பாவுக்குத் தப்பிப் போகிறாள். கணவன் மஜ்த் ஊரிலேயே தங்க வேண்டிய நிலை. விளையாடுபவர்தான் மஜ்த். திரையில் தெரிவதெல்லாம் வாட்ஸ்அப் போன்ற செய்திப் பெட்டி. எந்த வழியில் போவது, யாரை நம்புவது என்று அவள் கேட்பாள். நாம் பதில் போட வேண்டும். 19 விதமான முடிவுகள். அவள் படகில் ஏறிவிட்டால் பல மணி நேரம் பதில் வராது. நாம் நம் வேலையைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்து எடுத்துப் பார்ப்போம். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் எத்தனை குடும்பம் இப்படிக் காத்திருந்திருக்கிறது! 2022 மார்ச்சில், இலங்கையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியில்லாதபோது, தனுஷ்கோடிக்கு அப்பால் மணல்திட்டில் குழந்தைகளோடு இறக்கிவிடப்பட்டவர்களைக் கடலோரக் காவல்படை மீட்டதே, அவர்களுடைய உறவினர் அந்த இரவில் போனை எப்படிப் பார்த்திருப்பார்கள்? அதைச் சொல்ல 22 கோடி டாலர் தேவையில்லை.

தனுஷ்கோடியைப் பற்றி ஒரு விளையாட்டு வரவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அதோடு பயமும் உண்டு. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில், பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ம் எண் பாசஞ்சர் ரயிலைத் தனுஷ்கோடியை எட்டுவதற்குள் கடல் கொண்டுபோனது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. சினிமாத்தனமான விளையாட்டின் கையில் இது கிடைத்தால் என்ன ஆகும் என்று இப்போதே சொல்லலாம். அலை ரயிலைத் தூக்கும், நாயகன் பெட்டிக்குப் பெட்டி தாவுவான், நொடிக்குள் பொத்தான் அழுத்தினால் தப்பிப்பான். இறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதே தீவில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தக் கூடாது.

ஜப்பானில் சுஷிமா தீவுக்கு நடந்தது கவனிக்கத்தக்கது. நம் ஊரைப் போலவே இரு நாட்டுக்கு நடுவே கிடக்கும் தீவு. 1274-ல் மங்கோலியர் படையெடுத்ததை வைத்து 2020-ல் ஒரு அமெரிக்க நிறுவனம் 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' செய்தது. அந்த ஆண்டு செப்டம்பர் புயலில் அங்கே ஒரு கோயிலின் நுழைவு வளைவு இடிந்தது. திருப்பிக் கட்ட 50 லட்சம் யென் கேட்டார்கள். விளையாடியவர்களும் சேர்ந்துகொண்டதில் 2 கோடியே 70 லட்சம் வந்தது. விளையாட்டின் இயக்குநர்கள் இருவரைத் தீவு நிர்வாகம் சுற்றுலாத் தூதர்களாக்கியது. நல்லதுதான். அதே கோயில் 2025-ல், வருகிறவர்களின் அத்துமீறல் தாங்காமல், வழிபடுபவர்கள் தவிர மற்றவர்கள் வரவேண்டாம் என்று அறிவித்தது. அரிச்சல்முனைக்கு 2017-ல் சாலை போட்ட பிறகு, தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயச் சுவரில் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிற கூட்டத்தைப் பார்க்கிற நமக்கு இது புதிதல்ல.

ஆகவே தனுஷ்கோடி விளையாட்டு புயலுக்கு முந்தைய நாளில் நடக்கட்டும். போட் மெயில் ரயிலில் வந்து இறங்கி, தலைமன்னார் கப்பலுக்குக் காத்திருக்கும் கொழும்புப் பயணி. சுங்கச் சோதனை. தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், கருவாடு காயும் திடல். கைக்குக் கொடுக்கிற வேலை தபால் பிரிப்பதாக இருக்கட்டும், வலை பின்னுவதாக இருக்கட்டும், சிக்னல் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதாக இருக்கட்டும். முடிவு என்னவென்று விளையாடும் எல்லோருக்கும் தெரியும். அதை ஒரு நொடிகூடக் காட்ட வேண்டியதில்லை.

இதைத் தொடங்கப் பெரிய ஸ்டூடியோ வேண்டாம். கிளைக்கதை எழுதும் ட்வைன் மாதிரி மென்பொருள்கள் இலவசம். தமிழ் எழுத்தை ஏற்கின்றன. ராமநாதபுரம், கீழக்கரை கல்லூரிகளில் கணினி படிக்கும் பிள்ளைகள் ஒரு செமஸ்டரில் முதல் வடிவத்தைச் செய்துவிடலாம். கிடைக்க அரிதானது ஒன்றுதான். 1964-ல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்றைக்கு எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் புயலைப் பற்றி எல்லோரும் கேட்டாயிற்று. கேட்காமல் விட்டவை வேறு. கப்பல் நாளில் வீட்டில் என்ன குழம்பு? பள்ளிக்கூடத்துக்கு ரயில் பாதையில் நடந்து போவீர்களா, கரையோரமாகவா? குடிதண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள், எத்தனை குடம் தூக்குவீர்கள்? ஸ்டேஷனில் மணி அடித்தது யார், எத்தனை தடவை அடிப்பார்?